மன நெகிழ்வை அளப்பது எப்படி: சோதனை நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வேலையில் இருக்கும்போதே விதி மாறினால், பழைய விதியை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும் திறனைத்தான் மன நெகிழ்வு என்கிறோம். இதை அளக்க நரம்பு உளவியலில் சோதனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, மூளையில் காயமோ நோயோ உள்ளவர்களிடம் இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதற்காக வளர்ந்தவை. அதே சோதனையை ஆரோக்கியமான இளைஞர் பத்துப் பேரிடம் கொடுத்தால், பெரும்பாலானோர் தட்டுத்தடங்கல் இல்லாமல் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். யார் அதிக நெகிழ்வு உள்ளவர், யார் குறைவு என்று உங்கள் தாளில் எதுவும் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தச் சோதனையும் நெகிழ்வை மட்டும் தனியாகப் பிரித்து அளப்பதில்லை. கண் தேடும் வேகம், கை வேகம், நினைவாற்றல், எழுத்துப் பழக்கம் எல்லாம் கலந்துதான் கடைசியில் ஒரு எண்ணாக வருகிறது.

அதனால் இந்த வேலையில் பாதி, கழித்தல் கணக்குதான். அடம்பிடிக்கும் குழந்தையை எடை பார்க்க, தூக்கிக்கொண்டே மெஷினில் ஏறி நின்றுவிட்டு, பிறகு நம் எடையைக் கழிப்போமில்லையா, அதே வழி. விதி மாறாத எளிய வேலையில் ஒருவர் எப்படிச் செய்கிறார் என்று தெரியாமல், விதி மாறும் வேலையில் அவர் எடுத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. சோதனையைத் தேர்ந்தெடுப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை இதை மறக்காமல் இருந்தால் போதும், பாதித் தவறுகள் வராது.

எந்த நெகிழ்வு?

முதல் படி, உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது. ஒரே பெயரின் கீழ் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. தெரிந்த இரண்டு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்வது ஒன்று. யாரும் அறிவிக்காமலேயே விதி மாறிவிட்டதை உணர்ந்து வழியை மாற்றிக்கொள்வது இரண்டாவது. மாற்றச் சொல்லி எந்தக் கட்டாயமும் இல்லாதபோது தானாகவே பல கோணங்களில் யோசிப்பது மூன்றாவது. எஸ்லிங்கரும் கிராட்டனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் பின்னிரண்டையும் எதிர்வினை நெகிழ்வு, தன்னியல்பு நெகிழ்வு என்று பிரித்துப் பார்த்தார்கள். மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டவர்களிடம் இரண்டுமே குறைந்திருந்தன. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் அடிபட்டது முக்கியமாக எதிர்வினை நெகிழ்வு. ஒன்றில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஸ்ட்ரூப் சோதனையையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சிவப்பு மையில் அச்சான ‘நீலம்’ என்ற சொல்லைப் பார்த்து மையின் நிறத்தைச் சொல்லும் அந்தச் சோதனை, முதன்மையாக அளப்பது தானாக வரும் பதிலைத் தடுக்கும் திறனை. மியாகேயும் குழுவினரும் 2000-இல் 137 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் மாறுதல், நினைவில் புதுப்பித்தல், தடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனாலும் தனித்தனியானவை என்று வந்தது. உங்கள் கேள்வி மாறுதலைப் பற்றியதென்றால் ஸ்ட்ரூப் துணைச் சோதனையாக இருக்கட்டும், தலைமைச் சோதனையாக வேண்டாம்.

கேள்வித்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நான் எதையும் பல கோணங்களில் பார்ப்பவன்’ போன்ற வாக்கியங்களுக்கு ஒருவர் தாமே மதிப்பெண் போடும் பட்டியல்கள் உண்டு. அவை தரும் எண்ணும் சோதனைகள் தரும் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் பயனுள்ள தகவல்தான். ஆனால் சோதனைக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

ஆள் வருமுன்

அறை அமைதியாக இருக்க வேண்டும், போனை அணைக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். பலரும் விட்டுவிடுவது வேறு சில. வந்தவர் நேற்றிரவு எவ்வளவு நேரம் தூங்கினார், தூக்கம் வரவழைக்கும் மருந்து ஏதாவது எடுக்கிறாரா, தலையில் எப்போதாவது பலமாக அடிபட்டதா, தற்போது மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆரோக்கியமானவர்’ என்று ஆய்வில் எழுதுவதற்கு இந்தப் பதில்கள்தான் ஆதாரம். கண்ணாடி போடுபவரென்றால் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறத்தைப் பயன்படுத்தும் சோதனை இருந்தால் நிறப்பார்வையைச் சோதிக்காமல் தொடங்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போகலாம் என்பதை வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

வயதும் படித்த ஆண்டுகளும் இல்லாத தரவுத்தாள் வெறும் தாள்தான். இந்தச் சோதனைகளில் இரண்டுமே மதிப்பெண்ணைப் பலமாக இழுக்கும்.

அடுத்தது சோதனைகளின் வரிசை. சீட்டு வகைப்படுத்தும் சோதனையை முதலிலேயே வையுங்கள். விதி மாறும் என்பது தெரியாமல் இருப்பதுதான் அந்தச் சோதனையின் உயிர். முதலில் கணினியில் இருபது நிமிடம் வேலை மாற்றும் சோதனையைச் செய்தவருக்கு, ‘இங்கேயும் ஏதோ மாறும்’ என்ற எச்சரிக்கை வந்துவிடும். தனிநபர் வேறுபாட்டைப் பார்க்கும் ஆய்வென்றால் எல்லோருக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றினால், வரிசையால் வந்த வேறுபாடும் ஆளால் வந்த வேறுபாடும் கலந்துபோகும்.

சீட்டு வகைப்படுத்தும் சோதனை

பெர்க்கும் கிராண்டும் 1948-இல் வெளியிட்ட விஸ்கான்சின் கார்டு சார்ட்டிங் டெஸ்ட்தான் இந்தத் துறையின் மூத்த பெயர். மேசைமேல் நான்கு வழிகாட்டிச் சீட்டுகள்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரங்கள், மூன்று மஞ்சள் சிலுவைகள், நான்கு நீல வட்டங்கள். வந்தவர் தன் கையிலுள்ள 128 சீட்டுகளை ஒவ்வொன்றாக இவற்றில் ஏதோ ஒன்றின் கீழ் வைக்க வேண்டும். நிறமா, வடிவமா, எண்ணிக்கையா, எதை வைத்துப் பொருத்துவது என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். ‘சரி’, ‘தவறு’ இவ்வளவுதான் உங்கள் வாயிலிருந்து வரலாம். தொடர்ந்து பத்துச் சரியானதும் சத்தமில்லாமல் விதியை மாற்றுகிறீர்கள். நிறம், வடிவம், எண்ணிக்கை, மறுபடி அதே வரிசை. ஆறு சுற்று முடிந்தாலோ சீட்டு தீர்ந்தாலோ சோதனை முடியும்.

விதி மாறிய அந்த நொடியைக் கவனித்துப் பாருங்கள். பத்து முறை ‘சரி’ கேட்டுப் பழகியவர் பதினொன்றாவதாக ‘தவறு’ கேட்டதும் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். சிலர் ‘இல்லையே, சரியாத்தானே வெச்சேன்?’ என்று கேட்டுவிடுவார்கள். அப்போது உங்கள் முகமும் குரலும் மாறவே கூடாது. ‘நான் சரி, தவறுன்னு மட்டும்தாங்க சொல்ல முடியும். அதை வெச்சு நீங்களே பாத்துக்கோங்க’ என்று ஒரே தொனியில் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போங்கள். லேசாகச் சிரித்தாலே விடை கொடுத்தது போலாகிவிடும்.

மதிப்பெண்களில் முக்கியமானது விடாப்பிடிப் பிழை. அதாவது, காலாவதியான விதியையே பிடித்துக்கொண்டு செய்யும் தவறு. ஐந்து அல்லது அதற்குமேல் தொடர்ந்து சரியாக வைத்துவிட்டு, பத்தை எட்டுமுன் தவறுவது வேறு வகை. அது பிடி நழுவுவது, கவனத்தோடு தொடர்புடையது. இரண்டையும் கூட்டி ‘மொத்தப் பிழை’ என்று எழுதினால் சோதனையின் பயனே போய்விடும்.

சில சீட்டுகள் உங்களைக் குழப்பும். ஒற்றைச் சிவப்பு வட்டம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒற்றைச் சிவப்பு முக்கோணத்தின் கீழ் வைத்தால், நிறத்துக்காக வைத்தாரா, எண்ணிக்கைக்காக வைத்தாரா என்று தெரியாது. இதனால்தான் நெல்சன் 1976-இல் இப்படி இரண்டு பொருத்தம் வரும் சீட்டுகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய 24 சீட்டுகளை இருமுறை பயன்படுத்தி 48 சீட்டு வடிவத்தை உருவாக்கினார். ஆனால் அதில் விதி மாறும்போது மாறுகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இரண்டு வடிவங்களின் எண்களையும் ஒப்பிடக் கூடாது. முழு வடிவத்தில் மதிப்பெண் போடும் விதிகள் நுணுக்கமானவை. கையால் போடப் பழகுங்கள், ஆனால் ஆய்வுக்கு மென்பொருளையே நம்புங்கள். மூலச் சோதனை விலைக்கு விற்கப்படுவது. உரிமையில்லாமல் நகலெடுக்க முடியாது. பெபல் என்ற இலவச மென்பொருளில் பெர்க்கின் பெயரில் இதே முறையிலான சோதனை இருக்கிறது.

இனி இதன் பலவீனம். ஆரோக்கியமானவர்களில் பலர் ஆறு சுற்றையும் முடித்துவிடுவார்கள். அதனால் முடித்த சுற்றுகளின் எண்ணிக்கையை வைத்து ஆளுக்கு ஆள் வேறுபாடு தேட வேண்டாம். ஒருமுறை சூட்சுமம் புரிந்துவிட்டால் அது புரிந்ததுதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்க இந்தச் சோதனை உதவாது.

எண்ணும் எழுத்தும் இணைக்கும் சோதனை

டிரெயில் மேக்கிங் டெஸ்ட் 1944-இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பில் இருந்து வந்தது. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். முதல் பகுதியில் சிதறிக் கிடக்கும் 25 வட்டங்களை 1, 2, 3 என்று கோடு போட்டு இணைக்க வேண்டும். இரண்டாவதில் 13 எண்களும் 12 எழுத்துகளும் இருக்கும். 1, ஏ, 2, பி, 3, சி என்று மாறி மாறிப் போக வேண்டும்.

இரண்டு பகுதிக்கும் முன்னால் சிறிய மாதிரித் தாள் உண்டு. அதை அவசரமாகக் கடக்காதீர்கள். மாதிரியில் புரியாதவர் சோதனையில் தடுமாறினால் நீங்கள் அளப்பது புரிதலை, நெகிழ்வை அல்ல. சொல்ல வேண்டியதை ஒரே வாசகமாக எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அப்படியே சொல்லுங்கள்: ‘ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க. ஒரு எண், ஒரு எழுத்து, மறுபடி எண், மறுபடி எழுத்துன்னு வரிசையா போங்க. பென்சிலை எடுக்காம, முடிஞ்சவரைக்கும் வேகமா செய்யுங்க.’

செய்துகொண்டிருக்கும்போது உங்கள் கண் அவருடைய பென்சில் முனையில் இருக்கட்டும். 7-இலிருந்து ‘ஜி’க்குப் போய், அங்கிருந்து 8-க்குப் போய், பிறகு ‘எச்’சை விட்டுவிட்டு நேராக 9-க்கு இழுத்துவிடுவார். மாறாமல் எண்ணிலேயே தங்கிவிடும் இந்தத் தவறுதான் நமக்குச் சுவாரசியமானது. உடனே நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த வட்டத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. தவறுக்கான தண்டனை நேரத்திலேயே சேர்ந்துவிடும். இங்கேதான் சோதனை நடத்துபவரால் வரும் பிழை நுழைகிறது: நீங்கள் தவறைத் தாமதமாகக் கவனித்தால் அந்த நொடிகளும் அவர் கணக்கில்தான் ஏறும். நேரத்தோடு தவறுகளின் எண்ணிக்கையையும் வகையையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 300 நொடி ஆகியும் முடிக்காதவரிடம் அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

டாம்போ 2004-இல் 18 முதல் 89 வயது வரை 911 பேரிடம் எடுத்த அட்டவணையில், 25 முதல் 34 வயதுக்காரர்கள் முதல் பகுதிக்குச் சராசரியாக 24 நொடி, இரண்டாவதற்கு 51 நொடி அளவில் எடுத்திருக்கிறார்கள். வயது ஏற ஏற இரண்டும் கூடும். இரண்டாம் பகுதியில் படிப்பும் கணிசமாக விளையாடும்.

இப்போது கழித்தல். ஒருவர் 24 நொடி, 52 நொடி எடுக்கிறார், வித்தியாசம் 28. இன்னொருவர் 40, 80, வித்தியாசம் 40. வித்தியாசத்தைப் பார்த்தால் முதலாமவர் மேல். வகுத்துப் பார்த்தால் முதலாமவருக்கு 2.17, இரண்டாமவருக்கு 2.0, இப்போது இரண்டாமவர் மேல். எது சரி? மெதுவாகக் கையோடும் முதியவர்களும் வேகமான இளைஞர்களும் கலந்த குழுவில் விகிதத்துக்கு நியாயம் அதிகம் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும், தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால் அது ஆய்வு ஆகாது. இரண்டாம் தாளில் பாதையும் நீளம், குறுக்கே வரும் வட்டங்களும் அதிகம் என்பதால் எந்தக் கணக்கிலும் கழித்தல் முழுச் சுத்தமாக இருக்காது. சான்செஸ் குபியோ குழுவின் 2009 ஆய்வு, இரண்டாம் பகுதியின் நேரத்தில் செயல்படு நினைவின் (தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்துக் கையாளும் திறனின்) பங்கு அதிகம் என்றும், வித்தியாச எண்ணே நெகிழ்வுக்கு நெருக்கமானது என்றும் காட்டியது.

ஆங்கில எழுத்துவரிசை சரளமாக வராதவரிடம் இரண்டாம் தாளைக் கொடுக்கக் கூடாது. தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டு என்பதால் அ, ஆ, இ என்று மாற்றி அச்சடிக்கத் தோன்றும். கணக்கும் கச்சிதமாக 25 வந்துவிடும். செய்யலாம். ஆனால் குறிலும் நெடிலும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் தேடும் நேரம் மாறும், ஆங்கிலத் தாளின் அட்டவணை செல்லாது. உங்கள் குழுக்களை உங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொள்ள மட்டும்தான் உதவும். எழுத்தே வேண்டாமென்றால் கலர் டிரெயில்ஸ் இருக்கிறது. அதில் ஒவ்வொரு எண்ணும் இளஞ்சிவப்பு, மஞ்சள் இரண்டிலும் இருக்கும். நிறத்தை மாற்றி மாற்றி 25 வரை போக வேண்டும்.

கணினியில் வேலை மாற்றம்

ஆரோக்கியமானவர்களிடையே நுண்ணிய வேறுபாடு வேண்டுமென்றால் மில்லிசெகண்டு கணக்குதான் கைகொடுக்கும். இதன் தாத்தா 1927-இல் ஜெர்சில்ட் செய்த தாள் சோதனை. அதை நீங்கள் இன்றே உங்கள்மேல் செய்து பார்க்கலாம். ஈரிலக்க எண்கள் முப்பது வீதம் மூன்று பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியலில் ஒவ்வொன்றோடும் 3 கூட்டுங்கள். இரண்டாவதில் 3 கழியுங்கள். மூன்றாவதில் ஒன்றைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மாறி மாறிப் போங்கள். மூன்றாவதற்கான நேரத்திலிருந்து முதலிரண்டின் சராசரியைக் கழித்தால் மாறுவதற்கு ஆன செலவு கிடைக்கும். மியாகே குழுவும் இதைத்தான் மூன்று மாறுதல் சோதனைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

கணினி வடிவத்தில் ரோஜர்ஸும் மான்செல்லும் 1995-இல் தந்த முறை பிரபலம். திரையில் ‘7ஜி’ போல ஓர் இணை வரும். மேல்பாதியில் வந்தால் எழுத்தைப் பார், உயிரா மெய்யா. கீழ்ப்பாதியில் வந்தால் எண்ணைப் பார், ஒற்றையா இரட்டையா. இடம் சுற்றிச் சுற்றி நகர்வதால் இரண்டு முறை ஒரே வேலை, அடுத்த இரண்டு முறை மற்ற வேலை. சைக்கோபை, ஓப்பன்செசமி, ஜேஎஸ்சைக் ஆகிய இலவசக் கருவிகளில் இதை அமைத்துவிடலாம்.

இங்கே இரண்டு செலவுகள் வரும். இரண்டு வேலைகளும் கலந்து வரும் கலப்புத் தொகுதிக்குள், வேலை மாறிய முயற்சிக்கும் மாறாத முயற்சிக்கும் உள்ள நேர வித்தியாசம் மாற்றச் செலவு. கலப்புத் தொகுதியில் மாறாத முயற்சிக்கும், ஒரே வேலை மட்டும் வரும் தொகுதிக்கும் உள்ள வித்தியாசம் கலப்புச் செலவு. இரண்டு விதிகளையும் மனதில் தாங்கிக்கொண்டிருப்பதற்கான விலை அது. ஒரே வேலைத் தொகுதியை வைக்க மறந்துவிட்டால் கலப்புச் செலவைப் பிறகு எங்கிருந்தும் எடுக்க முடியாது.

தரவைச் சுத்தம் செய்யும்போது தவறான முயற்சிகள், தவறுக்கு அடுத்த முயற்சிகள், ஒவ்வொரு தொகுதியின் முதல் முயற்சி, 200 மில்லிசெகண்டுக்குள் வந்த பதில்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, மிஞ்சியதன் இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள். தவறு விகிதத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். வேகமாகத் தட்டிவிட்டு ஐந்தில் ஒன்றைத் தவறவிடுபவரின் ‘குறைந்த செலவு’ நெகிழ்வு அல்ல.

நம்பகத்தன்மைதான் இதன் பெரிய ஓட்டை. இரண்டு நேரங்களும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புள்ளவை; அவற்றைக் கழித்தால் மிஞ்சுவதில் இரைச்சலின், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கத்தின், பங்கு ஏறிவிடும். ஹெட்ஜ், பவல், சம்னர் மூவரும் 2018-இல் இந்த முரணைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள்: குழுவில் எல்லோரிடமும் தவறாமல் தெரியும் விளைவு, ஆளுக்கு ஆள் வேறுபாட்டை அளக்க மோசமான கருவியாக இருக்கலாம். ஆகவே முயற்சிகளைத் தாராளமாக வையுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை முயற்சிகளைப் பிரித்துத் தனித்தனியாகச் செலவைக் கணக்கிட்டு, இரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று பார்த்து, அந்த எண்ணையும் அறிக்கையில் எழுதுங்கள்.

சொல் அடுக்கும் சோதனை

இது சுருக்கமானது. ஒரு நிமிடத்தில் விலங்குகள், ஒரு நிமிடத்தில் தொழில்கள், பிறகு ஒரு நிமிடத்தில் விலங்கு ஒன்று, தொழில் ஒன்று என்று மாறி மாறிச் சொல்லச் சொல்லுங்கள். முதலிரண்டும் அடிப்படை, மூன்றாவதுதான் சோதனை. பதிவு செய்துகொள்ளுங்கள், கையால் எழுதி ஈடுகொடுக்க முடியாது. தன்னியல்பு நெகிழ்வு வேண்டுமென்றால், ஒரு செங்கலை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்கும் கில்ஃபோர்டின் முறை இருக்கிறது. அதில் எத்தனை யோசனை என்பதைவிட எத்தனை வகை என்பதை எண்ணுங்கள். சுவர் கட்ட, தூண் கட்ட, திண்ணை கட்ட என்று மூன்று சொன்னாலும் வகை ஒன்றுதான். கதவு திறந்தபடி நிற்க முட்டுக்கொடுக்கலாம் என்று சொன்னால் இரண்டாவது வகை. வகை பிரிப்பதை ஒருவர் மட்டும் செய்யக் கூடாது; இருவர் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும்.

எண்களைச் சேர்ப்பதும் சொல்வதும்

ஒரே சோதனையை வைத்து ‘இவரது மன நெகிழ்வு இவ்வளவு’ என்று சொல்லிவிட முடியாது. குறைந்தது மூன்று வெவ்வேறு வகைச் சோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் குழுவின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு) தள்ளி இருக்கிறது என்ற அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நேரமும் பிழையும் கூடினால் நெகிழ்வு குறைவு என்பதால் அவற்றின் பிளஸ், மைனஸ் குறியைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். சராசரி எடுக்கும் முன் சோதனைகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் ஒன்றாகச் சேர்க்காமல் தனித்தனியாகவே எழுதுங்கள். அது தோல்வியல்ல, முதலில் பிரித்த மூன்று வேலைகளும் உண்மையிலேயே வெவ்வேறு என்பதுதான் பல சமயம் காரணம்.

சோதனை முடிந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி, ‘எப்படிங்க, என் மூளை நல்லா இருக்கா?’ என்பது. எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். ‘இது ஆய்வுக்காகச் செய்றதுங்க, நோய் இருக்கா இல்லையான்னு பாக்குற சோதனை இல்லை. நிறையப் பேரோட சராசரியைத்தான் நாங்க பாப்போம்’ என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். மறதியோ குழப்பமோ இருப்பதாக அவரே கவலைப்பட்டால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தாளைக் காட்டி ஆறுதல் சொல்வதோ பயமுறுத்துவதோ உங்கள் வேலையல்ல.

அறிக்கையில் சோதனையின் எந்த வடிவம், எத்தனை சீட்டு, எத்தனை முயற்சி, தவறைத் திருத்தியது எப்படி, எந்த அட்டவணையோடு ஒப்பிட்டீர்கள், எந்தக் கணினி, எந்த விசைப்பலகை என்பது வரை எழுதுங்கள். ஒவ்வொரு முயற்சியின் மூலத் தரவையும் பெயரை நீக்கிச் சேமித்து வையுங்கள். வெறும் சராசரியை மட்டும் வைத்திருந்தால், வித்தியாசத்துக்குப் பதிலாக விகிதத்தில் பார்த்தால் என்ன வரும் என்று உங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் கேட்கும் அன்று கையில் ஒன்றும் இருக்காது.